தழும்பு மேடிடாமல் காக்கும் மருந்துக் கட்டு

(ஸ்ரீ மகாவீர நிர்வாணத் திருநாளை முன்னிட்டுக் கொருக்குப்பேட்டையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிர்வாணத் திருநாளின் மாண்பினை எடுத்துரைக்கவல்ல பெரியோர் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், மருந்தாக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்குப் பணிக்கப்பட்ட பொருள் தீக்காயத் தழும்பு. விளக்கேற்றி மகிழும் நாளில் இது பொருந்தாப் பேச்சு என்று சிலர் கருதக்கூடும். ஆனால் ஆண்டுதோறும் தீபாவளி நெருங்கும்போது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். பட்டாசு சிற்றுயிர்களுக்குத் துன்பம் என்று நம் குடும்பங்களில் பெரும்பாலானவை அதனைக் கைவிட்டுவிட்டன. ஆயினும் அகல் விளக்கும், அதிரசம் பொரியும் எண்ணெய்ச் சட்டியும், சோறு வடித்த கொதிகஞ்சியும் இல்லாத வீடு எது? ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் அமைந்த குடித்தனங்கள் நம் பகுதியில் எத்தனை? தெருவுக்குத் தெரு பற்றவைப்புப் பட்டறைகள் உள்ளன. எண்ணூருக்கும் மணலிக்கும் பணிக்குச் செல்வோர், நீராவிக்கும் அமிலத்திற்கும் அருகில் நாளைக் கழிக்கின்றனர்.

தீக்காயத்தில் உயிர் பிழைப்பது பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். பிழைத்தபின் அவ்வுடல் எவ்வாறு வாழ்கிறது என்பதைப் பேசுவதில்லை. கழுத்தில் பட்ட காயம் ஆறி, தழும்பு தடித்து இறுகி, முகவாய் மார்போடு இழுக்கப்பட்ட பெண்கள் இருக்கின்றனர். விரல்கள் மடங்கி நிமிராமல் போனதால் வேலையை இழந்த தொழிலாளர் இருக்கின்றனர். ஓயாத அரிப்பினால் இரவெல்லாம் உறங்காத குழந்தைகள் இருக்கின்றனர். தழும்பு தெரியாதிருக்க முழுக்கைச் சட்டை தைத்து, உறவினர் திருமணங்களுக்கும் அனுப்பாமல் மகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. இத்தகைய துன்பத்தில் கணிசமான பகுதி முன்கூட்டியே தடுக்கத்தக்கது என்பதனால்தான் இந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்டேன்.

மேடிட்ட தழும்புகள் இருவகை. முதல்வகை, காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து எழுவது. காயம் மூடிய சில வாரங்களில் சிவந்து புடைத்து, மாதக்கணக்கில் வளர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு தானே தணிவதும் உண்டு. தீக்காயத்திற்குப் பின் நாம் மிகுதியும் காண்பது இதுவே. இரண்டாம் வகையைக் கீலாய்டு என்பர். இது காயத்தின் எல்லையைத் தாண்டி, நலமான தோலின்மீதும் படர்ந்து செல்லும். தானே தணிவது அரிது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபெர் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நண்டின் இடுக்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார். பக்கவாட்டில் கால்நீட்டிப் படரும் அதன் தோற்றமே காரணம். காதுமடல், மார்பின் நடுப்பகுதி, தோள் ஆகியவை கீலாய்டு விரும்பி உறையும் இடங்கள். கருநிறத் தோலினருக்கு இது கூடுதலாக வருகிறது என்பதால் நம்மவர்க்கு இச்செய்தி அயலானதன்று.

தோல் கிழிந்தவுடன் உடல் முதலில் குருதியை உறைய வைக்கிறது. அடுத்து வீக்கம், கிருமிகளையும் சிதைவுகளையும் அகற்றும் உயிரணுக்கள் அங்கே திரள்கின்றன. மூன்றாம் நாள் தொடங்கிச் சில வாரங்கள் வரை, கொலாஜன் எனப்படும் புரத இழையை நெய்யும் உயிரணுக்கள் பெருகிப் பள்ளத்தை நிரப்புகின்றன. இறுதியாக, அவசரத்தில் நெய்யப்பட்ட அத்துணியைப் பிரித்துப் பிரித்துச் சீராக்கும் பணி ஓராண்டுக்கு மேலும் நடைபெறுகிறது. நெய்யும் உயிரணுக்களுக்கு 'போதும், நிறுத்துக' என்னும் செய்தி உரிய காலத்தில் சென்று சேராவிட்டால் அவை நெய்துகொண்டே இருக்கும். மேடிட்ட தழும்பு என்பது அதுதான். அச்செய்தியைத் தாமதப்படுத்தும் காரணங்களுள் முதன்மையானது நீடித்த வீக்கம். காயம் திறந்தே கிடப்பதும், அதில் கிருமி குடியேறுவதும், ஓயாமல் இழுபடுவதும் வீக்கத்தை நீட்டிக்கின்றன.

இதனை எண்களால் காட்டிய அமெரிக்க ஆய்வொன்று 1983-இல் வெளிவந்தது. தீக்காயம் 14 முதல் 21 நாள்களுக்குள் ஆறிய இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பின்னர்த் தடித்தன. 21 நாள்களுக்குப் பின் ஆறிய இடங்களிலோ 78 விழுக்காடு தடித்தன. இரண்டு வாரத்திற்குள் ஆறியவற்றில் இத்தொல்லை மிகக் குறைவு. எனவே தழும்பின் தலையெழுத்து, நாம் தழும்பைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, முதல் மூன்று வாரங்களில் பெரிதும் எழுதப்பட்டுவிடுகிறது. காயம் ஆறட்டும், தழும்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வோர்க்கு இவ்வெண்களே விடை.

ஆகவே தொடக்கம் தண்ணீர்க் குழாயடியில். சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி கூடாது. பற்பசை, பேனா மை, இட்லி மாவு, நெய் எதுவும் கூடாது. நீரை வடிகட்டி அளவோடு புழங்கும் நம் வீட்டு முதியோர்க்கு, நீர்க்காய உயிர்களை எண்ணி, இருபது நிமிடம் குழாயைத் திறந்துவிட மனம் வராது. நம் ஆசிரியர்கள் விலக்கச் சொன்னது பயனற்ற வீணடிப்பை. அனர்த்த தண்டம் என்பது அதன் பெயர். சுட்ட கையின் ஆழத்தைக் குறைக்கும் நீர் அவ்வகையில் சேராது. தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் தெருவில் குழாய் வறண்டிருந்தால், குடத்து நீரை மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

இனிக் கட்டு என்னும் பொருளுக்கு வருகிறேன். புண் காய வேண்டும், காற்றுப் பட வேண்டும், பொருக்குத் தட்ட வேண்டும் என்பதே உலகெங்கும் நெடுங்காலம் நிலவிய கருத்து. 1962-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் விண்டர் என்பவர், பாலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதிய மேற்தோல், திறந்து காயவிட்ட காயங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்வதைக் காட்டினார். இன்று கடையில் கிடைக்கும் நவீனக் கட்டுகள் அனைத்தும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்கள். அவ்வாய்வு பன்றிகளின்மீது நடத்தப்பட்டது என்பதையும் இவ்வவையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். இச்செய்திக்குப் பின்னர் வருவேன்.

மருந்தைக் கட்டிலேயே அடக்கி, அது சிறிது சிறிதாகக் காயத்துள் கசியுமாறு செய்வது அடுத்த படி. 1968 முதல் தீக்காயங்களில் பூசப்பட்டுவரும் சில்வர் சல்ஃபாடையசின் என்னும் வெண்ணிறக் களிம்பை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கிருமியைத் தடுப்பதில் அது பேருதவி செய்தது. ஆனால் நாள்தோறும் கழுவித் துடைத்து மீண்டும் பூச வேண்டும்; ஒவ்வொரு முறையும் நோயாளி துடிப்பார்; புதிதாய் முளைத்த மேற்தோலும் துணியோடு உரிந்து வரும். பிற நவீனக் கட்டுகளுடன் ஒப்பிட்டபோது காயம் ஆறுவது அதில் சற்றுத் தாமதமாவதும் பின்னர்த் தெரியவந்தது. அதே வெள்ளியை மெல்லிய தாளில் படியவைத்துச் சில நாள்கள் தொடர்ந்து வெளிவிடும் கட்டுகள் வந்தபின், கட்டவிழ்க்கும் முறையும் வலியும் குறைந்தன. தழும்பை நேரடியாகக் குறிவைக்காவிடினும், காயத்தை விரைந்து மூட உதவுவதால் இவையும் தழும்புத் தடுப்பில் சேரும்.

தழும்பையே குறிவைக்கும் மருந்துகளில் நெடுநாள் பழக்கமுடையது ஸ்டீராய்டு. ட்ரையாம்சினோலோன் என்னும் மருந்தைத் தழும்பின் உள்ளேயே ஊசியால் செலுத்துவது 1960-கள் முதல் வழக்கத்தில் உள்ளது. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல மாதம் தொடர வேண்டும். கல்போல் இறுகிய தழும்பில் மருந்தை அழுத்திச் செலுத்தும்போது ஏற்படும் வலி கடுமையானது. குழந்தைகள் இரண்டாம் முறை மருத்துவமனை வாயிலை மிதிக்கவே அஞ்சுவர். ஒரே நேரத்தில் மிகுதியான மருந்து சேர்வதால் சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுத்துப்போவதும் உண்டு. சில நாள் வெள்ளமும் பல நாள் வறட்சியுமாக மருந்து பாய்வதே அம்முறையின் குறை.

அக்குறைக்கு ஜப்பானியர் கையாளும் விடை எளிமையானது. டெப்ரோடோன் என்னும் ஸ்டீராய்டை ஒட்டுத்தாளில் கலந்து, ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்னும் அளவில் வைத்திருக்கின்றனர். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தழும்பின் வடிவத்திற்கேற்பத் தாளைக் கத்தரித்து, நலமான தோலின்மீது படாமல் ஒட்டி, நாள்தோறும் மாற்றுகின்றனர். பிரிட்டனில் ஃப்ளூட்ராக்சிகார்ட்டைடு என்னும் மற்றொரு ஸ்டீராய்டு, சதுரச் சென்டிமீட்டருக்கு 4 மைக்ரோகிராம் கொண்ட ஒட்டுத்தாளாகப் பயனில் உள்ளது. குழந்தைகளின் தோல் மெல்லியதாகையால் அவர்களுக்கு வீரியம் குறைந்த தாளே பெரும்பாலும் போதுமானது. ஊசி இல்லை, வலி இல்லை. பொறுமை மட்டும் மாதக்கணக்கில் வேண்டும். நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் இன்னும் ஊசியையே நாடுகின்றனர். ஒட்டுத்தாள் முறை இங்கும் பரவலாக வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒட்டுத்தாளே போதுமென்றால், திறந்த காயத்திலேயே அதனை ஒட்டித் தழும்பை முளையிலேயே கிள்ளலாமே என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டதுண்டு. நல்ல வினா. ஸ்டீராய்டு நெய்தலை நிறுத்தும். ஆனால் காயம் மூடுவதற்கு நெய்தல் நடந்தாக வேண்டும். முன்கூட்டி நிறுத்தினால் புண் ஆறாது. ஆறாப் புண்ணோ தழும்பை வளர்க்கும். விதைத்த மறுநாளே வயலில் நீரை வடித்துவிட்டால் பயிர் ஏது? நிலம் உழுத குடியில் வந்த நமக்கு இது விளங்கும். எனவே இன்று உலகெங்கும் ஆய்வாளர் முயல்வது, ஒரே கட்டில் காலமுறைப்படி மருந்துகளை வெளிவிடுவது. மேலடுக்கு முதல் வாரத்தில் கரைந்து கிருமித் தடுப்பை அளிக்கும். உள்ளடுக்கு அதன்பின் மெல்லச் சிதைந்து தழும்பைத் தடுக்கும் மருந்தை விடுவிக்கும். தலைமுடியினும் பன்மடங்கு மெல்லிய இழைகளை மின்னழுத்தத்தால் நூற்று, ஒவ்வோர் இழையின் நடுவிலும் மருந்தை அடைப்பது ஒரு வழி. நீரை உறிஞ்சிக் கூழாகும் ஹைட்ரோஜெல் மற்றொரு வழி. தோலில் பதித்ததும் கரைந்துவிடும் நுண்ணூசிப் பட்டை மூன்றாவது. முதல் சில மணி நேரத்திலேயே மருந்தின் பெரும்பகுதி பீறிட்டு வெளியேறிவிடுவது இத்துறையின் தீராத தலைவலி. ஆய்வகக் குடுவையில் ஒழுங்காகக் கசியும் தாள், சீழும் நிணநீரும் ஊறும் உண்மைக் காயத்தில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. ஆகவே செய்தித்தாளில் 'வடுவே இல்லாமல் ஆற்றும் கட்டு' என்று படித்தால், மனிதரிடம் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

இவ்வாய்வில் நம் சென்னைக்கும் பங்குண்டு. அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பெயருக்கேற்பத் தோல் பதனிடுதலை ஆய்வதற்காகத் தோன்றியது. தோலின் உயிர்ப்பொருள் கொலாஜன். அதனை நன்கறிந்த அறிஞர்கள், கொலாஜனைத் தூய்மைப்படுத்தித் தாளாக வார்த்துக் காயத்திற்கு இடும் கட்டாக ஆக்கினர். 2004-இல் அந்நிறுவனத்தார், மஞ்சளின் வண்ணப்பொருளாகிய குர்குமினைக் கொலாஜன் தாளில் பொதிந்து சோதித்து வெளியிட்ட ஆய்வு உலக அளவில் பலராலும் எடுத்தாளப்பட்டது. குர்குமின் நீரில் எளிதில் கரையாது. தாளில் பொதிந்தால் காயத்தில் மெல்லக் கசிந்து வீக்கத்தைத் தணிக்கும். காயத்திற்கு மஞ்சள் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் வழங்கப்பட்ட காப்புரிமையை, நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு வாதாடி 1997-இல் நீக்கச் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அக்குழுவைச் சேர்ந்ததே அடையாற்று நிறுவனமும். இதற்காக மஞ்சள் பொடியை நேரடியாகப் புண்ணில் அப்ப வேண்டா. சமையலறைப் பொடியில் கிருமியும் கலப்படமும் உண்டு. காயத்தின் ஆழத்தையும் அது மறைத்துவிடும்.

அச்சோதனை எலிகளின்மீது நடந்தது. அறநோக்கு ஒருபுறமிருக்க, அறிவியல் நோக்கிலேயே அதற்கோர் எல்லையுண்டு. எலியின் தோல் தளர்வானது. காயத்தின் விளிம்புகள் சுருங்கி ஒன்றையொன்று நெருங்கியே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மனிதரைப்போல் மேடிட்ட தழும்பு எலிக்கு வருவதில்லை. எனவே எலியின் முதுகில் விரைவாக ஆறியது என்பதைக் கொண்டு, நம் பெண்ணின் தோளில் தழும்பு மேடிடாது என்று முடிவு கட்ட இயலாது. தழும்பாய்வுக்கு முயலின் காதையும் ஒருவகைச் செந்நிறப் பன்றியையும் நாடுவது இதனால்தான். காலம் மெல்ல மாறுகிறது. அமெரிக்கா 2022 இறுதியில் நிறைவேற்றிய சட்டத்தால், புதுமருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் நிலையை நீக்கியது. இந்தியாவும் 2023-இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த மாதிரிகள் முதலான மாற்று வழிகளுக்கு இடமளித்தது. உயிர்க்கொலை கூடாது என்று காலங்காலமாகச் சொல்லிவரும் நாம், இத்தகைய மாற்று முறைகளைப் பயில நம் பிள்ளைகளில் சிலரையேனும் அனுப்பலாம்.

இனி, இக்கூட்டத்தில் பலர் மனத்தில் எழுந்திருக்கும் வினா: கொலாஜன் எங்கிருந்து வருகிறது? அடையாற்று ஆய்வுகளில் பயன்பட்டது மாட்டின் தசைநாணிலிருந்து பெறப்பட்டது; இறைச்சிக்கூடத்தில் எஞ்சும் பொருள். மீன்தோலிலிருந்தும் கொலாஜன் எடுக்கின்றனர். கைட்டோசான் என்னும் பொருளால் ஆன கட்டு, இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருகிறது. நீர்கோத்த புண்களுக்கு இடும் ஹைட்ரோகொலாய்டு கட்டுகள் பலவற்றில் ஜெலாட்டின் உண்டு. பட்டுப் புரதத்தால் ஆன கட்டு, கொதிநீரில் மாண்ட புழுவின் கூட்டிலிருந்து பெறப்படுகிறது. இப்பெயர்களைக் கேட்டுத் திகைக்க வேண்டா, மறுபக்கமும் உண்டு. ஆல்ஜினேட் என்னும் கட்டு பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருகிறது. அவ்வகைப் பாசியை இராமநாதபுரம் கடற்கரையில் மீனவப் பெண்கள் சேகரிப்பதைப் பார்க்கலாம். பாசியும் ஓரறிவுயிரே, ஆயினும் நம் உணவும் அங்கிருந்தே வருகிறது. செல்லுலோஸ் கட்டு பருத்தி முதலான தாவரங்களின் பொருள். சிலிக்கோன் தாள், பாலியூரித்தேன் பஞ்சு, பாரஃபின் தடவிய வலைத்துணி ஆகியவற்றின் அடிப்பொருளில் விலங்குக்கு இடமில்லை. வெள்ளி கலந்த கட்டுகளில் பலவும் இத்தகைய தாள்களின்மீதே அமைந்தவை.

மருந்துப் பொருளின் பிறப்பும் காலத்தோடு மாறிவந்துள்ளது. நான் வகுப்பில் விரும்பிச் சொன்ன கதை இது. முடக்குவாத நோயாளி ஒருவருக்கு 1948-இல் கார்ட்டிசோன் முதன்முதலாக அளிக்கப்பட்டு, 1950-இல் அப்பணிக்கு நோபல் பரிசு கிட்டியபோது, அந்த ஸ்டீராய்டு மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகளைக் கடந்து உருவாகிவந்தது. ஒரு சிறு அளவுக்கே எண்ணற்ற மாடுகளின் பித்தம் தேவைப்பட்டது. இதற்கிடையில் ரஸ்ஸல் மார்க்கர் என்னும் வேதியியலார், மெக்சிக்கோக் காட்டின் வள்ளிக்கிழங்கு இனமொன்றில் ஸ்டீராய்டின் மூலப்பொருளைக் கண்டிருந்தார். 1952-இல் ஒரு பூஞ்சையைக் கொண்டு நடுவிலிருந்த கடினமான படிகள் சுருக்கப்பட்டன. இன்று சோயா முதலான தாவரங்களின் ஸ்டீரால்களும் மூலமாகின்றன. பித்தத்தை விட்டுக் கிழங்குக்கு மாறியதற்குக் காரணம் அருளன்று, விலை. ஆயினும் விளைந்தது நமக்கு இசைவானதே. நுண்ணூசிப் பட்டைகளில் பயன்படும் ஹையலூரோனிக் அமிலமும் அவ்வாறே: முன்பு சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தனர், இப்போது நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்குகின்றனர். எனவே 'இம்மருந்து விலங்கினுடையது' என்று ஒருமுறை கேட்டதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிராமல், இன்றைய நிலையை விசாரித்தறிவது நலம்.

எளிய கட்டுகளைத் தேடிய நம் நாட்டு மருத்துவர்களின் பட்டியல் நம்மவர்க்குச் சிறு நகைப்பையும் தரும். தேன் தடவிய துணியால் தீக்காயம் ஆற்றிய மகாராஷ்டிர ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. தேனோ நாம் விலக்கிய பொருள். மும்பையில் 1980-களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாக இட்டனர்; கிழங்கும் நம் நோன்பு நாள்களில் விலக்கு. பின்னர் 2003-இல் நுண்ணுயிர் நீக்கிய வாழையிலையை அக்கிழங்குத் தோலோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல, வாழையிலை மிக மலிவு என்று கண்டனர். வாழையிலை நமக்கு முற்றிலும் இசைவு. இவை மருத்துவமனையில் முறைப்படி நுண்ணுயிர் நீக்கிச் செய்தவை. தோட்டத்து இலையை அறுத்து வீட்டிலேயே சுற்றுவது வேறு.

நெருக்கடியில் விலங்குப்பொருள் கட்டே மருத்துவமனையில் இருந்தால் என் செய்வது? அறநூல் வல்லார் இருக்கும் அவையில் நான் தீர்ப்புரைக்கலாகாது. எனினும் இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை. உழவிலும் தொழிலிலும் இல்லப் பணியிலும் தவிர்க்கவியலாது நேர்வதை அதனின் வேறாகவே நம் ஆசிரியர்கள் பிரித்துரைத்தனர் என்பதை நினைவூட்டலாம். அவரவர் தம் முனிவரிடமோ பண்டிதரிடமோ கேட்டுத் தெளியட்டும். மருந்தறிந்தவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றே: அவ்வினாவை முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள். முதல் நாள் கேட்டால் ஆல்ஜினேட், சிலிக்கோன், வெள்ளித்தாள் என மாற்று சொல்ல அவருக்கு வாய்ப்புண்டு. சொல்லத் தயங்கி, கட்டை வீட்டில் பிரித்தெறிந்து, மூன்று வாரம் கழித்துச் சீழோடு வந்தால், அதற்குள் தழும்புக்கு வித்திடப்பட்டிருக்கும்.

பெருங்காயத்தை விரைந்து மூடுவதற்கு எவ்வுயிர்க்கும் இன்னல் இல்லாத பொருள் ஒன்றுண்டு. இறந்தவரின் தொடையிலும் முதுகிலும் இருந்து எடுக்கப்படும் மெல்லிய மேற்படலம் அது. தோல் வங்கியில் பதப்படுத்தி வைத்து, உடலின் பெரும்பகுதி வெந்தவர்க்குத் தற்காலிகப் போர்வையாக இடுகின்றனர். மும்பை சயான் மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டு முதல் இத்தகைய வங்கி இயங்குகிறது. கண்தானம் போலவே இறந்த ஆறு மணி நேரத்திற்குள் இது செய்யப்பட வேண்டும். முகம் சிதையாது, இறுதிச் சடங்கிற்குத் தடையில்லை. கண்தானத்திற்கு ஒப்பமிட்ட குடும்பங்கள் இதனையும் கருதலாம். நால்வகைத் தானத்துள் ஔஷத தானத்தில் இது அடங்குமா, அபய தானத்தில் அடங்குமா என்பதைப் பண்டிதர்கள் வாதிடட்டும்.

காயம் முற்றும் மூடியபின் செய்ய வேண்டியவை சில. சிலிக்கோன் தாளை நாள்தோறும் 12 மணி நேரத்திற்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமேனும் ஒட்டி வைத்தல் வேண்டும். இத்தாளில் மருந்தேதும் இல்லை. தழும்பின் ஈரத்தைக் காப்பதே அதன் வேலை. சோப்பு நீரில் கழுவி உலர்த்தி ஒரே தாளைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் செலவைக் கண்டு அஞ்ச வேண்டா. திறந்த புண்ணில் ஒட்டக்கூடாது. பரந்த தழும்புக்கு உடலோடு இறுகும் அழுத்த உடையை நாளில் 23 மணி நேரம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அணியச் சொல்வர். சென்னை வெயிலில் இது தவம்தான். கை, விரல், கழுத்து ஆகிய இடங்களில் உடற்பயிற்சியை வலிக்கு அஞ்சி விட்டுவிடக்கூடாது. நம் பகுதியினர்க்கு அண்மையில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனையில், கை மறுவாழ்வுக்கும் ஒட்டுறுப்பு அறுவைக்கும் தனி நிறுவனமே இயங்குகிறது. நாடெங்கிலும் இருந்து மருத்துவர்கள் பயில வரும் இடம் அது. விரல் மடங்கிய பின்னரும் அங்கே செல்லலாம். மடங்குமுன் செல்வது மேல்.

இறுதியாகக் காதணி விழாவைப் பற்றி ஒரு செய்தி. பாட்டியோ தாயோ தோளிலும் காதிலும் கட்டியாய்த் திரண்ட தழும்பு உடையவரானால், குழந்தைக்கும் அவ்வியல்பு இருக்க வாய்ப்பு மிகுதி. அத்தகைய குடும்பங்கள் மடலின் மென்மையான கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு துளையோடு நிறுத்திக்கொள்வதும், இளமையிலேயே குத்துவதும் நலம். மேற்காதின் குருத்தெலும்பில் இரண்டாம், மூன்றாம் துளை வேண்டா. துளையைச் சுற்றிச் சிறு மேடு தென்பட்டால் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிய மேட்டிற்கு ஓரிரு ஊசியோ தாளோ போதும். வளரவிட்டுப் பின் வெட்டி எடுத்தால், வெட்டுவது மட்டும் செய்த கீலாய்டுகளில் 45 முதல் 100 விழுக்காடு வரை மீண்டும் முளைத்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆகையால் வெட்டிய பின்னும் ஊசி, அழுத்தக் கம்மல், சில வேளை கதிர்வீச்சு எனத் தொடர் மருத்துவம் தேவைப்படும். பத்தாண்டுப் பழைய தழும்புக்கும் மருத்துவம் உண்டா என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் சைகையால் கேட்கிறார். உண்டு, அம்மா. அரிப்பும் இறுக்கமும் குறையும். மேடும் ஓரளவு தாழும். நிறம் முழுதாகத் திரும்பாது. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், எந்தப் பிரிவில் எந்த நாள் காட்ட வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.

ஜெய ஜினேந்திர.